டிவி பார்த்துவிட்டு வரப்பில் இறங்குபவர்களுக்கு

லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு டார்செட் பக்கம் ஒரு கிராமத்து வீட்டுக்குக் குடிபோய், பன்றியும் கோழியும் வளர்த்து, வேலியோரத்தில் முளைத்ததைப் பறித்துச் சமைத்துச் சாப்பிடும் ஒருவரைப் பற்றிய டிவி தொடர் இருக்கிறது. ரிவர் காட்டேஜ் என்று பெயர், 1999-இல் பிரிட்டனின் சேனல் 4-இல் தொடங்கியது. நான் அதைப் பார்த்தது ரொம்பப் பிந்தி, ஒரு ஆடி மாதத்தில், வெளியே சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து போனில். அந்த மனிதர் ஏதோ ஒரு களையைப் பிடுங்கி மோந்து பார்த்து ஆனந்தப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா வாய்க்கால் கரையிலிருந்து ஒரு கட்டுச் சேம்புத் தாளை, சேம்பின் இலைத்தண்டைத்தான் தாள் என்போம், இடுப்பில் அணைத்தபடி ஏறி வந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "இதயுமா டிவில காட்டுகான்?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பிறந்து வளர்ந்தது குலசேகரம் பக்கம் என்றாலும் எனக்குக் கடைக்கீரை நாலு தவிர ஒன்றும் தெரியாது. இப்போது ஓரளவு தெரியும். இந்த மாதிரித் தொடர்களைப் பார்த்துவிட்டு நம்மூரிலும் இறங்கிப் பார்க்கலாமே என்று கை அரிப்பவர்களுக்காக, குமரி மாவட்டத்தில் எங்கே, எப்போது, எதை, எப்படி என்று எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன். கை அரிப்பு என்று சும்மா சொல்லவில்லை, சேம்பு வெட்டும்போது நிஜமாகவே அரிக்கும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள்

காட்டுக்குப் போக வேண்டாம். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம் பக்கமெல்லாம் மலைக்காடு பெரும்பாலும் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது, அங்கே ஒரு இலையைக் கிள்ளினாலும் சட்டப்படி தப்பு. பழங்குடியினரான காணி மக்களுக்கு அங்கே கிழங்கும் தேனும் எடுக்க 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு, நமக்கு இல்லை. நமக்கு வீட்டு விளை என்கிற தோட்டம், வாய்க்கால் கரை, வயல் வரப்பு, குளத்தங்கரை இது போதும். உண்மையில் நம் சமையலுக்கு ஆகிற முக்கால்வாசிச் செடிகள் மனுஷக் காலடி படுகிற இடத்தில்தான் முளைக்கின்றன, அடர்ந்த காட்டுக்குள் இல்லை.

வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னுடையது வீட்டுப் பின்புறம், ஒரு ரப்பர் விளையின் ஓரம், அணைத்தண்ணீர் வரும் கிளை வாய்க்கால், அப்புறம் வாழை வைத்த வயல், குளத்தங்கரை. வாரத்துக்கு ஒரு முறை அதே வழியில் நடங்கள். புதுப்புது இடமாகத் தேடிப் போனால் ஒன்றும் படியாது. ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கீரை சாப்பிடும்படி இளசாக இருக்கும்போது அதற்குப் பூவும் காயும் இருக்காது, பூவும் காயும் வந்து இன்ன செடிதான் என்று நிச்சயமாகத் தெரியும்போது அது முற்றிப்போய்ச் சாப்பிட ஆகாது. டிவியில் அரை மணி நேரத்தில் பறித்துத் தாளித்துவிடுவார்கள். நமக்கு அந்தச் செடி முளைத்து, பூத்து, காய்த்து, காய்ந்து, அடுத்த மழையில் அதே இடத்தில் திரும்ப முளைப்பது வரை பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த வருட முளையைத் தைரியமாகக் கிள்ள முடியும். ஆக, முதல் வருடம் பெரும்பாலும் பார்க்கிற வருடம்தான். ஒவ்வொரு வாரமும் அதே செடியை அதே இடத்தில் நின்று போனில் படம் எடுத்து வையுங்கள், தேதி தானாக விழுந்துவிடும்.

கூட ஒரு ஆள் வேண்டும். செடியின் பெயரைச் சொல்லும் ஆப்புகளை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள், முளைப்பருவத்துச் செடிகளில் அவை உளறுவதை நானே பார்த்திருக்கிறேன். நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் வெட்ட வருகிற பெண்களிடம் கேளுங்கள். எங்கள் வார்டில் அந்தக் கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் அதில் மூன்று பேருக்காவது எது கறிக்கு ஆகும், எது ஆட்டுக்கு ஆகும், எது இரண்டுக்கும் ஆகாது என்று தெரிந்திருக்கிறது. ஆடு வளர்ப்பவர்களும் நன்றாகச் சொல்வார்கள். என்ன, ஆட்டுக்கு ஆகிறதெல்லாம் நமக்கு ஆகாது, அதை மட்டும் மறக்காதீர்கள். "மாமி, இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டு நின்றால் யாரும் விரட்டுவதில்லை, "பிள்ளைக்கு வேற ஜோலி இல்லியா" என்று சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

அனுமதி. இங்கிலாந்தில் 1968-ஆம் வருடத் திருட்டுச் சட்டத்திலேயே, யார் நிலமானாலும் தானாக முளைத்த காளானையோ பூவையோ பழத்தையோ இலையையோ விற்பதற்காக அல்லாமல் பறித்தால் அது திருட்டில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் டிவியில் அவர்கள் வேலியோரம் தைரியமாகக் கை நீட்டுவது நமக்குச் சகஜமாகப் படுகிறது. இங்கே குமரியில் ஒரு சென்ட் பூமிக்குக்கூட மூணு பேர் வழக்கு நடத்துகிற ஊர், விழுந்து கிடக்கிற ஓலைக்கும் உடைமைக்காரர் உண்டு. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். கீரைக்கு யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சக்கைக்கும், அதாவது பலாவுக்கும், புளிக்கும் சொல்வார்கள்.

எங்கே பறிக்கக் கூடாது என்பது இன்னும் முக்கியம். ரப்பர் விளையிலும் வாழைத் தோட்டத்திலும் இப்போது களைவெட்டுக்குப் பதில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். மழைக்காலத்தில் சுற்றிலும் பச்சையாக இருக்க, ஒரு பாத்தி மட்டும் வைக்கோல் நிறத்தில் வாடி நின்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம், அதன் கீழ்மடையிலும் வேண்டாம். ரோட்டோரச் சாக்கடைக் கரை வேண்டாம். ஊர்க்கழிவு விழுகிற குளத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தளதளவென்று படர்ந்திருக்கும், பார்க்க அவ்வளவு அழகு, அதைத் தொடவே தொடாதீர்கள்.

இடவப்பாதி மழையில் தகரை

ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, விழுந்து பத்துப் பதினைந்து நாளில் வெறும் தரையிலெல்லாம் தகரை முளைக்கும். நமக்கு இரண்டு மழை, ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் துலாமழை. தகரைக்கு முதல் மழைதான். 'தாளும் தகரையும் தின்னு வளந்த உடம்பு' என்று அம்மச்சி தன்னைப் பற்றிச் சொல்வாள், பெருமையாகவா குறையாகவா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. நெல் வாங்க முடியாத மாதங்களில் வயிற்றை நிரப்பியது இந்த இரண்டும் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும்தான்.

தகரைக்கு ஒரு காம்பில் மூன்று ஜோடி இலை. நுனி ஜோடி பெரிசு, இலை முனை வட்டமாக, முட்டையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். சாயங்காலமானால் ஜோடி இலைகள் கைகூப்பின மாதிரி மூடிக்கொள்ளும். ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்போது நுனியைக் கிள்ளுங்கள். மஞ்சள் பூ விட்டுவிட்டால் விட்டுவிடுங்கள்.

இதே இடத்தில், இதே நேரத்தில், இதன் சொந்தக்காரன் ஒருவனும் முளைப்பான், பேயாவிரை. இவனுக்கு நாலைந்து ஜோடி இலை, இலை முனை கூர்மை, காம்பு தண்டில் ஒட்டுகிற இடத்தில் ஒரு கறுத்த குமிழ், கசக்கினால் குமட்டுகிற நாற்றம். தகரைக்கு அந்தக் குமிழ் கீழ் ஜோடி இலைகளுக்கு நடுவில் இருக்கும், காம்பின் அடியில் இருக்காது. பேயாவிரை விஷம். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் குழந்தைகள் மூளையும் ஈரலும் கெட்டு இறந்துகொண்டிருந்ததற்கு அவர்கள் விளையாட்டாகத் தின்ற இதன் விதைதான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சாயங்காலம் இலை மூடுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டும் மூடும். ஜோடியை எண்ணுங்கள், முனையைப் பாருங்கள், கசக்கி மோந்து பாருங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும் போட்டுவிடுங்கள்.

சமையல் சுலபம். இரண்டு கை நிறைய அள்ளினால் வெந்து ஒரு கரண்டியாகச் சுருங்கும், அதனால் தாராளமாகப் பறியுங்கள். மூன்று தண்ணீரில் கழுவிப் பொடியாக அரிந்து ஈரம் வடியவிடுங்கள். அரை மூடித் தேங்காய்த் துருவல், நாலைந்து சின்ன உள்ளி, இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், மஞ்சள், காந்தாரி மிளகு நாலு, இதை அம்மியில் ஒன்றிரண்டாகச் சதையுங்கள், மையாக அரைத்துவிட்டால் துவரன் என்கிற இந்தப் பொரியல் கூழாகிவிடும். இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கடுகு வெடித்ததும் ஒரு ஸ்பூன் பச்சரிசியைப் போட்டுப் பொரியவிட்டு, மெல்லிசாக அரிந்து முக்கால் வேக்காடு வேகவைத்த சக்கைக்குருவை, அதாவது பலாக்கொட்டையை, சேர்த்து, அதன் மேல் கீரை, அதன் மேல் தேங்காய்க் கூட்டு. மூட வேண்டாம், தண்ணீர் விட வேண்டாம். கீரை விடுகிற தண்ணீரிலேயே வெந்து, அது வற்றி, அடியில் லேசாக எண்ணெய் தெரிந்ததும் இறக்குங்கள். கஞ்சிக்கு இதைவிட நல்ல தொடுகறி எனக்குத் தெரியாது. சக்கைக்குரு இல்லாத தகரைத் துவரனை நான் ஒரு படி கீழேதான் வைப்பேன்.

முருங்கைக்கீரையை ஆடியில் தின்னக் கூடாது என்று மேற்கே விளவங்கோடு பக்கமெல்லாம் சொல்வார்கள். காரணம் ஆளுக்கொன்று சொல்வதால் நான் அதற்குள் போகவில்லை, தின்பதும் இல்லை.

சேம்புத் தாள், என் தொண்டை, மற்றும் சில செய்திகள்

முதல் வருடம் எனக்குக் கொழுப்பு. வாய்க்கால் வளைவில் ஆள் உயரத்துக்கு நின்ற ஒன்றைச் சேம்பு என்று நினைத்து வெட்டிக் கொண்டுவந்து, அம்மா இல்லாத நேரத்தில் நானே சமைத்து, வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் பரிமாறினேன். முதல் உருண்டை உள்ளே போனதும் தொண்டையில் நூறு ஊசியைச் சேர்த்து இறக்கின மாதிரி இருந்தது. சித்தப்பா மோரைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ராத்திரி வரை யாரும் சரியாகப் பேசவில்லை, கோபத்தினாலா தொண்டையினாலா என்று தெரியாது.

ஊசி என்பது வெறும் உவமை இல்லை. சேம்பு, சேனை வகையில் கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள் நிஜமாகவே கண்ணுக்குத் தெரியாத ஊசி வடிவில் இருக்கிறது, அதுதான் காறுகிறது. கறிச்சேம்பின் இலை கீழே தொங்கும், இலைக்காம்பு இலையின் ஓரத்தில் ஒட்டாமல் உள்ளே தள்ளி முதுகில் ஒட்டியிருக்கும், மேலே தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். நான் வெட்டியதன் இலை வானத்தைப் பார்த்து விறைத்து நின்றது, காம்பு ஓரத்திலேயே ஒட்டியிருந்தது. அது காட்டுவகை, காறல் பல மடங்கு. இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு வாய்க்கால் கரையில் இப்போது தூரத்திலிருந்தே பிரித்துவிடுவேன்.

சரியான தாளிலும் காறல் உண்டு, அளவு குறைவு. கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஈரம் இல்லாமல் வெட்டுங்கள், கழுவுவதை வெட்டின பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இளந்தாளாகப் பார்த்து எடுத்து மேல்தோலை நார் உரிப்பது போல உரித்து, விரல்கட்டை நீளத்துக்கு நறுக்கி, உப்பும் ஒரு எலுமிச்சை அளவு புளியும் போட்டு நன்றாகக் குழைய வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். அரை வேக்காடு என்ற பேச்சே கூடாது. அப்புறம் தீயல். தேங்காய்த் துருவலைக் குறைந்த தீயில், பொறுமையாக, காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்து, கடைசியில் மல்லி, வத்தல் மிளகாய், நாலே நாலு வெந்தயம் சேர்த்து இறக்கி, ஆறினதும் எண்ணெய் கக்கும்படி மையாக அரைத்து, புதுப் புளிக்கரைசலில் கலக்கிக் கொதிக்கவிட்டு, வெந்த தாளைப் போட்டு, சின்ன உள்ளி தாளித்துக் கொட்டுங்கள். அடுத்த நாள் காலையில் மிச்சமிருந்தால் இன்னும் ருசி. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் தள்ளியே இருங்கள், இதில் அந்த ஆக்சலேட் நிறைய.

சேம்பு பழகின பிறகு வல்லாரை, புளியாரை, பண்ணைக்கீரை, மூக்கிரட்டை, வேலியில் பிரண்டை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம், வருடத்துக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம். காஞ்சொறி பற்றி ஒரு வார்த்தை. டார்செட்காரர்கள் தொட்டால் சுள்ளென்று குத்துகிற நெட்டில் என்ற செடியைக் கையுறை போட்டுப் பறித்து வேகவைத்து சூப் வைக்கிறார்கள், வெந்ததும் அதன் குத்தல் போய்விடும். கேரளத்தில் கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், சமைக்கிற பத்திலைக் கூட்டில் நம் காஞ்சொறியும் கொடித்தூவ என்ற பெயரில் சேர்கிறது. நம் பக்கத்தில் சமைப்பவர்களை நான் பார்த்ததில்லை, எனக்கும் இன்னும் தைரியம் வரவில்லை. யாராவது செய்து பார்த்தால் சொல்லுங்கள்.

காளான் விஷயத்தில் நான் கோழை

இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடிகாலையில் கறையான் புற்றுப் பக்கம் கூண் முளைக்கும். குடை நடுவில் ஒரு முனை கூராக எழும்பியிருக்கும், பிடுங்கினால் மண்ணுக்குள் வேர் மாதிரி நீளமாக இறங்கிப் புற்று வரை போகும். அந்த வாசனையும் ருசியும் கோழிக்கறிக்கு இல்லை. இவ்வளவும் தெரிந்தும், எங்கள் பக்கத்து விளை மாமா வருடா வருடம் பறிக்கிற அதே மூன்று புற்றுகளில் அவர் கையால் பறித்துத் தந்தால் மட்டுமே சமைப்பேன். புல்தரையில் வெள்ளைக் குடையாக அழகாக நிற்கிற இன்னொரு காளான் இருக்கிறது, இளசாக இருக்கும்போது அடிமடிப்பும் வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றினால்தான் பச்சை ஓடும், தின்றால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. போன ஐப்பசியில் ஒரு முறம் நிறையக் கிடைத்தது, வேர் பாதியில் அறுந்து வந்ததால் எனக்குச் சந்தேகம், மாமாவும் ஊரில் இல்லை, அப்படியே தென்னை மூட்டில் கொட்டினேன். வருத்தம்தான்.

மஞ்சள் போட்டுப் பார்த்தேன் நிறம் மாறவில்லை, வெள்ளிக்காசு கறுக்கவில்லை, வண்டு அரித்திருக்கிறது அதனால் நமக்கும் ஒன்றும் செய்யாது, நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடும், இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சோதனை சொல்வார்கள். எல்லாமே பொய். விஷக்காளானின் விஷம் வெந்தாலும் போகாது, அதற்கும் மஞ்சளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

காளானோடு சேர்த்து இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். வேலியில் கொடியாக ஏறி நெருப்பு மாதிரிப் பூக்கும் செங்காந்தள், நம் மாநில மலர்தான், அதன் கிழங்கு கொல்லும். கொடி பட்டுப்போன பிறகு மண்ணில் கிழங்கு மட்டும் இருக்கும்போது காய்ச்சில் கிழங்கென்று தோண்டி விடுவார்கள். கொடி பச்சையாக இருக்கும்போது பார்த்திராத எந்தக் கிழங்கையும் தோண்ட வேண்டாம் என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ஒதளங்காய். கடலோரக் கால்வாய்க் கரைகளில், காயல் பக்கத்தில் நிற்கும். பார்த்தால் சின்ன மாங்காய் மாதிரியே இருக்கும், கிளையை ஒடித்தால் பால் வடியும். அதன் பருப்பு நெஞ்சுத்துடிப்பையே நிறுத்திவிடும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதல் நாளே அதைக் காட்டிக்கொடுத்துவிட்டு மேலே நடங்கள்.

வெயில் காலம்

மாசியிலிருந்து வைகாசி வரை கீரை குறைவு, பழம் அதிகம். கொல்லாமாம்பழத்தை, அதாவது முந்திரிப்பழத்தை, திருகி அண்டி என்கிற கொட்டையைத் தனியாக எடுத்துவிட்டு, பழத்தை நாலாகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொஞ்ச நேரம் வைத்துத் தின்னுங்கள், தொண்டை கரகரப்பு குறையும். பச்சை அண்டியைப் பல்லால் கடிக்கவே கூடாது, தோட்டில் இருக்கிற எண்ணெய் உதட்டைச் சுட்டுப் பொத்துவிடும். நம் மாவட்டத்தில் அண்டி ஆபீசுக்கு, முந்திரி ஆலையைத்தான் அப்படிச் சொல்வோம், போன பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணெய் என்ன செய்யும் என்று தெரியும். சுட்டுத் தின்ன ஆசைப்பட்டால் வெட்டவெளியில், ஓட்டை போட்ட பழைய தகரத்தில் போட்டு, ஓலையை எரித்து, காற்று வருகிற பக்கம் நின்று நீளக் கம்பால் கிளறுங்கள். எண்ணெய் சீறிக்கொண்டு தீப்பிடிக்கும், முகத்தைக் கொடுக்காதீர்கள். நன்றாகக் கறுத்ததும் மண்ணைப் போட்டு அணைத்து, ஆறவிட்டு, கல்லால் தட்டுங்கள். மொத்தமாக ஒரு மணி நேர வேலைக்கு ஒரு கை பருப்பு கிடைக்கும். அந்த மணத்துக்காகச் செய்யலாம்.

பலா வகையான அயினிச்சக்கை இப்போது குறைந்துகொண்டே வருகிறது, தடிக்கு நல்ல விலை என்பதால் மரத்தை முறித்துவிடுகிறார்கள். எங்காவது ஒன்று நின்றால் மேலே ஏறும் எண்ணம் வேண்டாம், கிளையே இல்லாமல் அறுபது எழுபது அடி நேராகப் போகும் மரம். ஏறத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள். முள்ளுத்தோலைப் பிய்த்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னச் சுளை, புளிப்பும் இனிப்புமாக. கொட்டையைத் துப்பிவிடாமல் கழுவிக் காயவைத்து வறுத்தால் நிலக்கடலை தோற்கும். கீழே விழுந்ததை எடுக்கும்போது கடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள், வவ்வால் கடித்ததாக இருக்கலாம். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, பல் பட்ட பழம் எதுவானாலும் குப்பைக்குத்தான். பச்சை அக்கானியும், பதநீரைத்தான் சொல்கிறேன், அப்படியே, கலயத்தில் ராத்திரி வவ்வால் வாய் வைத்திருக்கும் என்பதால் காய்ச்சிக் குடிப்பது நல்லது.

பனையில் நீங்களே செய்யக்கூடியது கிழங்கு. ஆவணி புரட்டாசியில் பனம்பழம் விழும்போது கொட்டைகளைப் பொறுக்கி, விளையில் மணலான ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்கு மேடு போட்டு மேலே நெருக்கமாக அடுக்கி மண் மூடிவிடுங்கள். துலாமழை அதைப் பார்த்துக்கொள்ளும். மார்கழி தையில் பிடுங்கினால் கிழங்கு, கொட்டையை வெட்டினால் உள்ளே தவுண். கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நாரை உரித்து, நல்லமிளகும் பூண்டும் தேங்காயும் சேர்த்து இடித்து உருட்டித் தின்ன வேண்டும். வெறுமனே அவித்துத் தின்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

தேன் நாம் எடுப்பதில்லை, மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீக்காரர்களிடம் வாங்குவதுதான். ஆனால் ஒன்று தெரிந்து வாங்குங்கள், ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, மாசி பங்குனியில் ரப்பர் தளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் சுரக்கிற தேனைத்தான் ஈ எடுக்கிறது. நடந்து போகும்போது ஒரு தளிரை எட்டிப் பிடித்து மூன்று இலையும் கூடுகிற இடத்தில் நாக்கை வைத்துப் பார்த்தேன், இனிக்கிறது!

கடல் பக்கம்

நான் மலைப்பக்கத்துக்காரன், கடலைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்வேன். குளச்சல், கடியபட்டணம், இனையம் பக்கத்துப் பாறைகளில் சிப்பி ஒட்டியிருக்கும். டிவியில் வெளிநாட்டுக்காரர்கள் வற்றின கடலில் பூட்ஸ் போட்டு நடந்துபோய் வாளியில் பொறுக்கிப்போட்டுக்கொண்டு வருவார்கள், அங்கே கடல் அவ்வளவு தூரம் உள்வாங்கும். இங்கே அது நடக்காது, வற்றம் இரண்டு மூன்று அடிதான், பாறையில் அலை எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும். நீச்சலில் பிறந்தவர்களே முக்குளித்துத்தான் எடுக்கிறார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பாறைப் பக்கமே போகக் கூடாது. கடல் அடங்கின பிறகு கரையில் நின்று அவர்களிடம் வாங்குங்கள், கடல்நீர் நிறம் மாறிக் கிடக்கிற நாட்களில் வாங்காதீர்கள்.

சிப்பி வாயை மூடியிருக்க வேண்டும், திறந்திருந்தால் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் செத்தது, எறியுங்கள். ஓட்டைச் சுரண்டிக் கழுவி, பக்கத்தில் நீட்டியிருக்கும் நாரைப் பிடுங்கி, தண்ணீரே விடாமல் பாத்திரத்தில் மூடி வையுங்கள், ஆவியிலேயே வாய் திறக்கும். அப்போதும் திறக்காததை விட்டுவிடுங்கள். சதையை எடுத்து மணல் போக அலசி, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், சின்ன உள்ளி, நல்லமிளகு, கறிவேப்பிலை போட்டு வரட்டுங்கள், கூட அவித்த மரச்சீனி. மரச்சீனியைத் திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் அவித்து, கொதித்த தண்ணீரை வடித்துவிட வேண்டும், கசக்கிற கிழங்கைத் தின்னக் கூடாது, அதில் சயனைடு வகை விஷம் இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் குக்கரில் மூடி வைத்து அப்படியே மசிக்கிற புதுக் கெட்டிக்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

கிளம்பும்போது ஒரு சின்ன அரிவாள், ஒரு பனையோலைப் பெட்டி, கைக்குத் தேங்காய் எண்ணெய், மழைக்காலமானால் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. பிளாஸ்டிக் பையில் கீரை வெந்துபோகும். புதிதாக ஒன்றை முதல் தடவை சமைக்கும்போது, எவ்வளவு நிச்சயமாக இருந்தாலும், ஒரு ஆள் ஒரு வாய் மட்டும் தின்றுவிட்டு மறுநாள் வரை பாருங்கள். பறித்ததில் ஒரு கொத்தைச் சமைக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் டாக்டர் முதலில் கேட்பது என்ன தின்றீர்கள் என்றுதான்.

சக்கை முடிகிற வைகாசியில் ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். சக்கைக்குருவை மேல்தோலோடு நிழலில் இரண்டு நாள் உலரவிட்டு, செம்மண்ணைக் குழைத்து ஒவ்வொன்றாகப் பூசி, மழை படாத மூலையில், அடுக்களைச் சாய்ப்பின் கீழே, ஒரு பானையில் காய்ந்த மணலோடு அடுக்கி வையுங்கள். எலி நுழையாமல் பானை வாயில் ஒரு ஓட்டுத்துண்டை வைத்து மூடுங்கள். ஆடி மழையில் தகரை கிள்ளிக்கொண்டு வந்து, சொட்டச் சொட்ட அடுக்களையில் நிற்கிற அன்றைக்குத் தோண்டி எடுத்தால் போதும்.